தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு மாமனார்

டிரைவரின் மாமனார் தண்ணீர்த் தொட்டியின் ஒரு பாகம் என்கிற விஷயம் கண் ஆஸ்பத்திரியில்தான் முதன்முதலாகத் தெரிய வந்தது.

டிரைவர் என்றால் பள்ளிக்கூட பஸ் டிரைவர். மாமனாருக்குத் தெருவில் ரெஃபரி என்று பெயர். கால்பந்து மைதானங்களில் விசில் ஊதியே தலை நரைத்தவர். ஆட்டம் நடக்கும்போது சுற்றி நின்ற கூட்டம் அவரைப் பார்த்து ‘கண்ணு தெரியலையாய்யா’ என்று கத்தாத நாள் கிடையாது. அப்போதெல்லாம் அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. தெரியாமல் போக ஆரம்பித்தது ஓய்வு பெற்ற பிறகு. அதைப் பற்றி ஒருவரும் கத்தவில்லை. வலது கண் சத்தமில்லாமல் போயே போய்விட்டது. இடது கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா மென்மையாகப் பேசுகிறவர். அன்று மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

“இதுல போன பார்வை திரும்பி வராது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம், அவ்வளவுதான். அதையும் தள்ளிப் போடக் கூடாது. அடுத்த வாரமே ஆபரேஷன் வெச்சுக்கலாம். கீழ கவுன்ட்டர்ல பதிஞ்சிட்டுப் போங்க.”

டிரைவர் மாமனாரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கவுன்ட்டருக்குப் போனார். அங்கே இருந்த பெண் அவருடைய வீட்டு எண்ணைத் தட்டி, திரையைப் பார்த்து, புருவத்தைச் சுருக்கினாள்.

“பேஷன்ட் உங்களுக்கு என்ன உறவு?”

“மாமனார்ம்மா.”

“அப்படியா? இங்க தண்ணித் தொட்டிக்குக் கீழ இருக்காரே.”

“இல்லையே, முன்ரூம்லதான் கட்டில் போட்டுக் குடுத்திருக்கோம். தொட்டி மொட்டை மாடியில இருக்கு. ஒரு விதத்துல பார்த்தா நாங்க எல்லாருமே அதுக்குக் கீழதான் இருக்கோம்.”

“வீட்டைச் சொல்லல சார். கோப்பைச் சொல்றேன்.”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

வீடு:
  தலைவர்: டிரைவர்
  மனைவி: ஒன்று
  மகள்: ஒன்று
  தண்ணீர்த் தொட்டி:
    மூடி: ஒன்று
    மிதவை: ஒன்று
    மாமனார்: ஒன்று

ஊரில் உள்ள எல்லாக் குடும்பங்களையும் குடும்ப அடுக்குப் பதிவகம் அப்போதுதான் புது முறைக்கு மாற்றி முடித்திருந்தது. வீட்டுக்கு ஒரு கோப்பு. அதில் கட்டம் கிடையாது, கோடு கிடையாது, எண் கிடையாது. யார் யாரைச் சேர்ந்தவர் என்பதை எழுத்து சொல்லாது. எழுத்துக்கு முன்னால் விட்டிருக்கும் காலி இடம் சொல்லும். ஒரு வரி, மேல் வரியைவிட இரண்டு இடைவெளி உள்ளே தள்ளி இருந்தால் அது மேல் வரிக்குச் சொந்தம். இதற்கு உள்தள்ளல் என்று பெயர். எளிமையான முறை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கோப்பில் இடம் விடப்படவில்லை.

“மூடி, மிதவை, மாமனார்,” என்று அந்தப் பெண் விரலால் தொட்டுக் காட்டினாள். “மூணும் ஒரே அளவு உள்ள தள்ளியிருக்கு பாருங்க. மூணும் தொட்டியோட பாகம்.”

“அவரு மனுஷரும்மா. அதோ உக்காந்திருக்காரு பாரு.”

அவள் எட்டிப் பார்த்தாள். ரெஃபரி பெஞ்சில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த தூணைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எனக்குப் புரியுது சார். ஆனா ஆபரேஷனுக்குக் குடும்பத்துல ஒருத்தர் சம்மதம் வேணும். தொட்டியோட பாகத்துக்கு யாரு சம்மதம் குடுப்பா? நாங்க மூடிக்கும் மிதவைக்கும் ஆபரேஷன் பண்றதில்ல. வேணும்னா ஒண்ணு செய்யறேன். பாகத்துல பழுதுன்னு குடிநீர் வாரியத்துக்குத் தகவல் அனுப்பி விடறேன். என்னால முடிஞ்சது இதுதான்.”

அவள் உண்மையாகவே உதவ நினைத்தாள். அனுப்பியும் விட்டாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி கோபப்பட்டாள். அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கோபம் வந்தால் கையில் இஸ்திரிப்பெட்டி இல்லாவிட்டாலும் எதையாவது அழுத்தித் தேய்ப்பாள். அன்று சாப்பாட்டு மேசையைத் துணியால் தேய்த்தாள். ரெஃபரிக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு வரிசைதான் உறுத்தியது.

“மிதவைக்கு மேல போட்டிருக்காங்களா, கீழயா?”

“கீழ மாமா.”

“அது போன வருஷம் மாத்தின மிதவையாச்சே. நேத்து வந்தது எனக்கு சீனியரா?”

குடிநீர் வாரியத்திலிருந்து ஆள் இரண்டாம் நாளே வந்துவிட்டார். அவ்வளவு சுறுசுறுப்பை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை. கையில் டார்ச்சும் ஒரு பெரிய பிரஷும் வைத்திருந்தார். மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தார், மூடியைத் தூக்கி இறக்கினார், மிதவையை அசைத்தார். பிறகு கீழே வந்து முன்ரூமில் கட்டிலுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

“இதுதானா மூணாவது?”

“இவர் என் மாமனார் சார்,” என்றார் டிரைவர்.

“பேரு எதுவா இருந்தா என்ன. கசிவு ஏதாவது இருக்கா?”

“கண்ல தண்ணி வரும் சில நேரம்,” என்றாள் மனைவி, தன்னை மீறி.

வாரியத்து ஆள் அதைக் குறித்துக்கொண்டார். ரெஃபரியின் முகத்தில் டார்ச் அடித்தார். ரெஃபரி தலையணைக்கு அடியில் கையை விட்டு, பழைய சிவப்பு அட்டையை எடுத்து, ஆள் இருக்கும் திசையை உத்தேசித்து உயர்த்திக் காட்டினார். அது ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தது. வாரியத்து ஆள் ‘பரிசோதிக்கப்பட்டது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவவும்’ என்று அச்சடித்த ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து மாமனாரின் சட்டைப் பையில் ஒட்டினார்.

“பாகத்தை மாத்தணும்னா மாத்திக் குடுத்துடலாம். ரிப்பேர் பண்றது எங்க வேலை இல்ல. பாகமே இல்லைன்னு நீங்க சொல்றீங்கன்னா பதிவகத்துக்குத்தான் போகணும்.”

டிரைவர் பதிவகத்துக்குப் போனார்.

பதிவகம் தன் கொள்கையைத் தன் கட்டிடத்திலேயே கடைப்பிடித்தது. கண்காணிப்பாளரின் மேசை வாசலை ஒட்டி, இடது சுவர் ஓரமாக இருந்தது. அவருக்குக் கீழே இருப்பவர்களின் மேசைகள் இரண்டு அடி உள்ளே தள்ளி. அவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் இன்னும் இரண்டு அடி உள்ளே. இப்படியே தள்ளித் தள்ளிப் போனதில் கடைநிலை எழுத்தருக்கு அறை போதவில்லை. சுவரை இடித்து அவரை வெளியே, மாடித் தாழ்வாரத்தில், ஏசி இயந்திரங்கள் மூச்சு விடும் இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மழை பெய்தால் அவருடைய கணினிக்குக் குடை பிடிக்க ஏற்பாடு இருந்தது, அவருக்கு இல்லை. இயக்குநர் எல்லோருக்கும் மேலானவர் என்பதால் எல்லோருக்கும் இடதுபுறமாக, அதாவது வாசலுக்கும் வெளியே, இருக்க வேண்டியிருந்தது. அதனால் அவர் பெரும்பாலும் வெளியூரிலேயே இருந்தார்.

வரிசையிலும் அதே முறைதான். மனைவியோடு வந்தவர்கள் மனைவியை இரண்டு அடி உள்ளே தள்ளி நிறுத்தியிருந்தார்கள். ஒரு கைக்குழந்தையை எங்கே தள்ளி வைப்பது என்று தெரியாமல் ஒரு தாய் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கண்காணிப்பாளர் டிரைவரைப் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்ட பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க எழுத்தைப் படிக்கிறீங்க. அதான் குழப்பம். எழுத்து யாரு வேணாலும் எழுதலாம் சார், அதுக்கு ஒரு பள்ளிக்கூடம் போதும். காலி இடத்தை எழுதறதுக்குத்தான் நாங்க இத்தனை பேரு உக்காந்திருக்கோம். சரி, விடுங்க. யாரு தட்டினது இது?”

தட்டியது தாழ்வாரத்து எழுத்தர். ஒல்லியான, வியர்த்துப்போன மனிதர். அவர் திரையைப் பார்த்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். காலி இடங்களில் சின்னச் சின்னப் புள்ளிகளும் ஓர் இடத்தில் அம்புக்குறியும் தோன்றின.

“தெரியுதுங்களா? மத்த வரிக்கெல்லாம் ஒவ்வொண்ணா ஸ்பேஸ் விட்டிருக்கு. மாமனாருக்கு மட்டும் டேப், ஒரே தட்டுல மொத்தமாத் தள்ளுற விசை. யாரோ டேப் தட்டியிருக்காங்க. ஒரு டேப்புக்கு நாலு ஸ்பேஸ் தூரம் போயிருக்காரு. அதான் தொட்டிக்குள்ள விழுந்துட்டாரு.”

“அதை எடுத்துட்டா சரியாயிடுமா?”

“எடுக்கலாம். ஆனா எடுக்கற அதிகாரம் எனக்கில்ல. டேப்பை டேப் பிரிவுலதான் எடுக்கணும். ஸ்பேஸை ஸ்பேஸ் பிரிவுலதான் போடணும்.”

இரண்டு பிரிவுகளும் ஒரே கூடத்தில், நடுவில் ஒரு பீரோவோடு இருந்தன. ஒருவரோடு ஒருவர் பேசுவதை அவர்கள் நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. குடிக்கும் தண்ணீர்கூடத் தனித்தனிக் கேன்.

“ஒரு தட்டுல முடியற வேலைக்கு எதுக்கு சார் ரெண்டு தட்டு?” என்றார் டேப் அதிகாரி. “பொதுமக்களோட விரலை நாங்க வீணடிக்கிறதில்ல.”

“டேப் எவ்வளவு தூரம் போகும்னு அதுக்கே தெரியாது,” என்றார் பீரோவுக்கு அந்தப் பக்கம் ஸ்பேஸ் அதிகாரி. “ஒரு மெஷின்ல நாலு போகும், இன்னொண்ணுல எட்டு போகும். இந்த மாதிரி ஒழுக்கம் இல்லாத காலி இடத்தை நம்பி நீங்க எப்படிக் குடும்பம் நடத்துவீங்க?”

டிரைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார்.

“ரெண்டுமே காலி இடந்தானே சார்? பார்த்தா ஒரே மாதிரிதானே இருக்கு?”

கூடத்தில் தட்டச்சு நின்றது. டேப் அதிகாரியும் ஸ்பேஸ் அதிகாரியும் பல வருடங்களில் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்,” என்றார் ஸ்பேஸ் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. “வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. கோப்புக்குத் தெரியும். இந்த மாதிரிக் கேள்வியை வெளியில எங்கயும் கேட்டுடாதீங்க.”

இரண்டு பிரிவும் கையெழுத்திடச் சில வாரங்கள் பிடித்தன. அதற்குள் ரெஃபரி தண்ணீர் டம்ளருக்குக் கை நீட்டினால் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி தேதி ஒன்று கடந்துபோய், இன்னொன்று கொடுத்திருந்தார்கள்.

ஒரு வழியாக மாமனார் தொட்டியிலிருந்து வெளியே எடுக்கப்பட்டார். ஆனால் அவரை வெறுமனே வீட்டில் நிறுத்த முடியாது என்றார் கண்காணிப்பாளர். “மாமனார்னா யாரு வழியில மாமனார்? அதைக் காட்டணும் இல்ல? அவரோட மகள்னு உங்க மனைவிக்கு ஒரு வரி சேர்த்துடறோம்.” டிரைவருக்கு அது நியாயமாகவே பட்டது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் அவருடைய பக்கத்தில் நிற்கும் ஆயா, பதிவகக் கோப்பிலிருந்து தினமும் வரும் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிரைவரின் மகள், மூன்றாம் வகுப்பு, தன் வீட்டு வாசலில் பையோடு ஏற வந்தபோது ஆயா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா பேரு இன்னைக்கு வரல.”

“என்ன வரல?”

“பட்டியல்ல இல்லண்ணே. உங்க வீட்ல மகள்னு ஒருத்தர் இருக்காங்க, ஆனா வயசு முப்பத்தி மூணுன்னு போட்டிருக்கு. பேரு இல்லாத பிள்ளைய ஏத்துனா என் வேலை போயிடும். உங்க வேலையும்தான்.”

உள்ளே நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. டிரைவர் தன் மகளைப் பார்த்தார். “அம்மாவோட நடந்து வாடா,” என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார். கண்ணாடியில் அவள் பையோடு நின்றுகொண்டே இருந்தது தெரு திரும்பும் வரை தெரிந்தது.

“ஒரே மட்டத்துல ஒரே பேர் ரெண்டு தடவை வரக் கூடாது,” என்றார் கண்காணிப்பாளர் அன்று மதியம். “வந்தா, கடைசியா வந்தது நிக்கும். முதல்ல வந்தது போயிடும். ரெண்டாவதா மகள்னு உங்க மனைவி வந்தாங்க. அதனால முதல்ல இருந்த மகள் போயிட்டா.”

“எங்க போனா சார்?”

“எங்கயும் போகல. இல்லாம போயிட்டா. வருத்தப்படாதீங்க, இதுக்கு வழி இருக்கு.”

வழி என்பது ஒரு சின்னக் கோடு. ‘மகள்கள்’ என்று தலைப்புப் போட்டு, கீழே கோடு போட்டு இரண்டு பேரையும் வரிசைப்படுத்தினார்கள். அதனால் டிரைவரின் மனைவியும் மகளும் அக்கா தங்கை ஆனார்கள். “வயசு குறைஞ்சதுல எனக்கு லாபந்தான்,” என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை. “அப்பாவுக்கு எப்பங்க பண்ணுவாங்க?”

அந்தக் கோட்டைப் போடும்போது ‘மகள்கள்’ என்பதற்குப் பக்கத்தில் வைத்த முக்காற்புள்ளிக்கு முன்னால் எதுவோ கூடிவிட்டது, அல்லது பின்னால் எதுவோ குறைந்துவிட்டது. கோப்பு திறக்கவில்லை. திரையில் ஒரு சிவப்பு வரி மட்டும் வந்தது. பிழையுள்ள கோப்பில் யாரும் வசிக்க முடியாது என்பது விதி. ஆகவே அந்த வாரம் அந்த வீட்டில் யாரும் இல்லை. இல்லாத ஒருவர் பஸ் ஓட்டுவதைப் பள்ளிக்கூடம் விரும்பவில்லை. மேலாளர் மிகவும் வருந்தி, சாவியை வாங்கிக்கொண்டார்.

வேலை இல்லாததில் ஒரு வசதி இருந்தது. டிரைவர் தினமும் பதிவகத்துக்குப் போக முடிந்தது. போகும்போதெல்லாம் டாக்டரம்மா கொடுத்த கடிதத்தைக் கொண்டுபோனார். ‘மிக அவசரம், இனியும் தாமதித்தால் பார்வை முழுவதும் போய்விடும்’ என்று அதில் அவரே கைப்பட எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பார்த்துக் கண்காணிப்பாளர் மனம் இளகியது தெரிந்தது.

“இதைக் கண்டிப்பா கோப்புல சேர்த்துடறோம். ஒரு எழுத்து விடாம.”

சேர்க்கப்பட்டதா என்று டிரைவர் தாழ்வாரத்துக்குப் போய்ப் பார்த்தார். கடிதம் முழுவதும் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்ட ஒரு குறி இருந்தது.

“இது என்ன சார், வேலி மாதிரி?”

எழுத்தர் அக்கம்பக்கம் பார்த்தார்.

“அந்தக் குறி போட்டா, அந்த வரி குறிப்பு. மனுஷங்க படிக்கறதுக்குன்னு அர்த்தம். கோப்பு அதைப் படிக்காது.”

“மனுஷங்க படிப்பாங்க இல்ல?”

“படிக்கலாம்னு விதியில இருக்கு.” அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஆனா இங்க யாரும் கோப்பு படிக்காததைப் படிக்கறதில்ல. எல்லாப் புகாரும் அப்படித்தான் சேர்ந்திருக்கு. உங்க தெருக் கோப்புகள்ல குறிப்புதான் அதிகம்.”

அவர் கொஞ்சம் உருட்டிக் காட்டினார். வேலிக்குள் அடைத்த மாதிரி, பக்கம் பக்கமாக, யார் யாருடையதோ கெஞ்சல்கள் சாம்பல் நிறத்தில் ஓடின. டிரைவர் சீக்கிரமே போதும் என்று சொல்லிவிட்டார்.

இயக்குநர் ஊருக்கு வந்திருந்த ஒரு நாளில், பொதுமக்கள் குறைகேட்பு நடந்தது. டிரைவரும் மனைவியும் ரெஃபரியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். நேரில் பார்த்தால் மனம் இரங்கும் என்பது மனைவியின் யோசனை. இயக்குநருக்கு மனம் இரங்கத்தான் செய்தது. எழுந்து வந்து ரெஃபரியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒலிபெருக்கிக்குத் திரும்பிப் போனார்.

“அன்பர்களே, இந்தப் பெரியவரின் கோப்பை நான் நேற்று இரண்டு மணி நேரம் ஆராய்ந்தேன். பெருமையோடு சொல்கிறேன், அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. பிழை எல்லாம் காலி இடத்தில் இருக்கிறது. காலி இடம் என்றால் என்ன? நாம் எழுதாத இடம். எழுதியதற்கு எங்கள் அலுவலகம் முழுப் பொறுப்பு ஏற்கும். எழுதாததற்கும் எங்களையே பொறுப்பாக்கினால் அது எந்த ஊர் நியாயம்? முன்பெல்லாம் ஒரு குடும்பத்தைப் பதிய எத்தனை கேள்விகள்! அப்பா யார், அம்மா யார், பிள்ளை யார். இன்று நாங்கள் எதையும் கேட்பதில்லை. யாரையும் பார்ப்பதும் இல்லை. எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்று மட்டும் பார்க்கிறோம். மக்களுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியை இவ்வளவு துல்லியமாகப் பராமரிக்கும் அலுவலகம் வேறு எங்கேயும் இல்லை.”

கைதட்டல் எழுந்தது. வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள். தட்டாவிட்டால் தங்கள் முறை வராது என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் இயக்குநர் அந்தக் கோப்பை உடனடியாகச் சரி செய்யும்படி உத்தரவிட்டார். உடனடியாக என்பதற்கு விதியில் ஒரு கால அளவு இருந்தது.

அந்தக் கால அளவு முடிந்த அன்று டிரைவர் தாழ்வாரத்தில் எழுத்தருக்குப் பக்கத்தில் நின்றார். எழுத்தர் எல்லா ஒப்புதல்களும் வந்துவிட்டதை இரண்டு முறை சரி பார்த்தார். ஒரு விசையைச் சில தடவை தட்டினார். முக்காற்புள்ளிக்குப் பக்கத்தில் எதையோ அழித்தார். சிவப்பு வரி மறைந்தது. மனைவி மனைவியாக, மகள் மகளாக, மாமனார் மாமனாராக வந்து நின்றார்கள். ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

“இவ்வளவுதானா சார்?” என்றார் டிரைவர்.

“இவ்வளவுதாங்க.”

“முதல் நாளே நீங்க இதைச் செஞ்சிருக்கலாம் இல்ல?”

எழுத்தர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “செஞ்சிருக்கலாங்க,” என்றார். “என் வீட்டுக் கோப்புல எங்கம்மா இன்னும் என் சைக்கிளுக்குக் கீழதான் இருக்காங்க. அதைக்கூட என்னால தொட முடியல.”

அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கவுன்ட்டரில் அதே பெண்தான். திரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. “சூப்பர் சார், எல்லாம் பக்காவா இருக்கு!” என்று அவளே எழுந்து வந்து ரெஃபரியைக் கைபிடித்து மாடிக்கு அழைத்துப்போனாள்.

டாக்டரம்மா இடது கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மீண்டும் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“என்ன தெரியுது உங்களுக்கு?”

“வெளிச்சமா இருக்கும்மா,” என்றார் ரெஃபரி. “பால் மாதிரி.”

“என் கை தெரியுதா?”

“எந்தக் கை?”

டாக்டரம்மா டிரைவரைப் பார்க்கவில்லை. அவருடைய மனைவியைத்தான் பார்த்தார். இனி ஆபரேஷன் செய்தால் வலி மட்டும்தான் குறையும் என்றார். அதற்குக்கூடச் சம்மதக் கையெழுத்து வேண்டும். இப்போது அதைப் போட டிரைவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. போட்டார்.

கொஞ்ச நாள் கழித்துப் பதிவகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆண்டு விழாவில் பிழையற்ற குடும்பங்களைக் கௌரவிக்கிறார்களாம். இத்தனை முறை திருத்தப்பட்டும் கடைசியில் இவ்வளவு சுத்தமாக வந்து நிற்கும் கோப்பு வேறு இல்லையாம். போக வேண்டாம் என்றாள் மனைவி. பஸ் சாவியைத் திருப்பித் தர மேலாளர் பதிவகத்திலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று காத்திருந்தார். போனார்கள்.

மேடையில் பெரிய வெள்ளைத் திரை. அதில் அவர்களுடைய கோப்பு, ஆள் உயர எழுத்தில். கண்காணிப்பாளர், டேப் அதிகாரி, ஸ்பேஸ் அதிகாரி எல்லோரும் முன்வரிசையில் இருந்தார்கள். எழுத்தர் எங்காவது வெளியே இருந்திருப்பார். இயக்குநர் ஒலிபெருக்கியை ரெஃபரியின் கையில் கொடுத்தார்.

“பெரியவரே, திரையில் உங்கள் குடும்பம். பாருங்கள். எப்படி இருக்கிறது என்று நாலு வார்த்தை சொல்லுங்கள்.”

ரெஃபரி திரை இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார். மேடை விளக்குகள் அதன் மேல் கொட்டிக்கொண்டிருந்தன. அவர் ரொம்ப நேரம் முயற்சி செய்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

“எழுத்து ஒண்ணும் தெரியலைங்க,” என்றார். “காலி இடம் மட்டும் நல்லாத் தெரியுது.”

இயக்குநர்தான் முதலில் கை தட்டினார். கூடம் முழுவதும் எழுந்தது. ஸ்பேஸ் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒலிபெருக்கியைத் திரும்ப வாங்கிய இயக்குநருக்குக் குரல் தழுதழுத்தது.

“கேட்டீர்களா? எழுத்தைத் தாண்டிப் பார்க்கும் பக்குவம்! ஒவ்வொரு குடிமகனையும் இந்த நிலைக்குக் கொண்டுவரும்வரை நம் அலுவலகம் ஓயாது.”

கைதட்டல் நிற்கவே இல்லை. அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று புரியாமல் ரெஃபரி தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். டிரைவர் ஒரு கையையும் மனைவி ஒரு கையையும் பிடித்து அவரைப் படியிறக்கிக் கூட்டிவந்தார்கள். வெளியே காற்று பட்டதும்தான் அவர் நின்று, தன் மகளின் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

“ஏம்மா, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?”

“இல்லப்பா,” என்றாள் அவள். “சரியாத்தான் சொன்னீங்க.”